‘கீழ்ப்பாக்கம்’ என்ற சொல்லும் பத்துக்குப் பத்து அறையும்: மனநோயோடு வாழ்பவருக்கு வடசென்னையில் என்ன செய்து தரலாம்

வடசென்னைத் தெருவில் ஒருவரைக் காயப்படுத்த ஓர் ஊர்ப்பெயரே போதும். “கீழ்ப்பாக்கம் கேஸு” என்று பள்ளிக்கூடத்துப் பையன் சொல்வான், குழாயடிச் சண்டையில் சொல்வார்கள், கோபத்தில் பெற்ற தகப்பனே சொல்வார். அதைக் கேட்டே வளர்ந்த ஒருவருக்கு இருபத்திரண்டு வயதில் தூக்கம் கெட்டு, யாரோ காதில் பேசுவதுபோல் கேட்கத் தொடங்கினால், அந்தக் குரலைவிட அந்த ஊர்ப்பெயருக்கே அதிகம் பயப்படுவார். வீட்டில் சொல்ல மாட்டார். வீட்டுக்குத் தெரிந்தால் வீடு அக்கம்பக்கத்தில் சொல்லாது. ஓபி சீட்டை அரிசி டப்பாவுக்கு அடியில் மறைப்பது இப்படித்தான் தொடங்குகிறது. இப்படிக் குரல்களைக் கேட்கவைக்கும் மனச்சிதைவு நோயில் (ஸ்கிசோஃப்ரினியா) முதல் அறிகுறிக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே போகிற மாதங்கள் முக்கியமானவை. அந்த இடைவெளி நீள நீள, மீண்டு வருவது கடினமாகிறது. ஆகவே அந்த வசைச்சொல் மனதைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை. நோயின் போக்கையும் மாற்றிவிடுகிறது.

கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனையின் வரலாறு பயமுறுத்தும் கதைகளில் சொல்லப்படுவதைவிட நீளமானது. 1794இல் வாலண்டைன் கொனோலி என்ற அறுவை மருத்துவர் புரசைவாக்கத்தில் தொடங்கிய காப்பகம் அது. 1871இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்ற பொருள்படும் பழைய பெயர் 1922இல் மாறி, மனநோய் மருத்துவமனை ஆனது. 1961 முதல் 1978 வரை அதை நடத்தியவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். அவரே 1984இல் மனச்சிதைவு நோய்க்கான ‘ஸ்கார்ஃப்’ அமைப்பையும் தொடங்கினார். இன்று அங்கே காலையில் வந்து, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறவர்களே பெரும்பாலானோர். அங்கே போகத் தயங்குகிறவருக்கு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவும் இருக்கிறது. பொது மருத்துவமனை வாசலில் நுழைகிறவரைப் பார்த்து யாரும் எந்தப் பிரிவு என்று ஊகிக்க முடியாது. இந்தச் சின்னக் காரணத்துக்காகவே சிலர் அங்கே வர ஒத்துக்கொள்வார்கள். அதைக் கோழைத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எந்த வாசல் வழியாக வந்தாலும் வரட்டும்.

2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு, நோயைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காடு வரை. வியாசர்பாடியிலோ எர்ணாவூரிலோ ஒரு ஹவுசிங் போர்டு பிளாக்கில் பெரியவர்கள் நூறு பேர் இருந்தால், இந்தக் கணக்குப்படி பத்துப் பேர் ஏதோ ஒரு வகையில் தவித்துக்கொண்டிருப்பார்கள். அதில் ஏழு முதல் ஒன்பது பேர் எந்த மருத்துவரையும் பார்த்திருக்க மாட்டார்கள். பலர் “தலை பாரமா இருக்குது”, “உடம்பெல்லாம் எரியுது”, “நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது” என்று சொல்லிச் சத்து மாத்திரை வாங்கி வந்திருப்பார்கள். நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பின் வழியாகவே பேசுகிறது.

பரிவு என்றால் முகத்தில் காட்டும் இரக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். மனநோயோடு வாழ்பவருக்கு இரக்கம் சுலபமாகக் கிடைத்துவிடும். தூக்கம் கிடைக்காது. சத்தமில்லாத ஒரு மூலை கிடைக்காது. ஓபிக்குக் கூட வர ஆள் கிடைக்காது. ஆறு பேர் படுக்கும் பத்துக்குப் பத்து அறையில் இவற்றை எப்படிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

தூக்கம்

மனம் மிகை உற்சாகத்துக்கும் கடும் சோர்வுக்கும் மாறிமாறிப் போவது இருமுனைக் கோளாறு. அது உள்ளவருக்குத் தூக்கம் குறைவது நோய் வருவதன் அறிகுறி. நோயை வரவழைக்கும் காரணமும் அதுவே. இரண்டு மூன்று இரவு சரியாகத் தூங்காமல் இருந்தால் போதும், பேச்சு வேகமாகி, கை தாராளமாகி, கோபம் மூக்குமேல் வந்து, ‘எழுச்சி நிலை’ தொடங்கிவிடலாம். மனச்சிதைவிலும் பலருக்கு முதலில் புரண்டுபோவது இரவும் பகலும்தான்.

நம் தெருக்களில் இரவு என்பதே துண்டுதுண்டானது. இரண்டாவது ஷிப்ட் முடித்து ஒருவர் பதினோரு மணிக்கு வருவார். காசிமேட்டுக்குப் போகிறவர் இரண்டு, மூன்று மணிக்கு எழுவார். தண்ணீர் வரும் நேரத்தில் மோட்டார் ஓடும். கன்டெய்னர் லாரி விடியவிடிய ஓடும். எல்லாவற்றையும் நிறுத்த முடியாது. ஆனால் படுக்கும் இடத்தை மாற்றலாம்: கதவுப் பக்கமும் டிவிப் பக்கமும் இல்லாத சுவரோரம், நடுவே ஒரு புடவைத் திரை. நேரம் கழித்து வருகிறவரின் சாப்பாட்டை வாசலருகே மூடி வைத்தால் லைட் போட வேண்டியதில்லை. குக்கர் விசிலை முந்தின இரவே முடித்துவிடலாம். சாயங்காலம் நான்கு மணிக்குமேல் டீ வேண்டாம். பத்து மணிக்கு எல்லோர் போனும் ஒரே இடத்தில் வைக்கப்பட வேண்டும். நோயாளியின் போனை மட்டும் பிடுங்கினால் அது தண்டனை.

ஆடி மாதம் தனிப் பிரச்சினை. கூழ் ஊற்றும் வாரங்களில் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஜன்னலுக்கு நேராக இருந்தால், மாத்திரை போட்டவருக்கும் தூக்கம் வராது. விழாக்குழுவில் உள்ள அண்ணனிடம் முன்கூட்டியே போய், “வீட்ல உடம்பு சரியில்லாதவங்க இருக்காங்கண்ணே, அந்த ஒரு குழாய மட்டும் அந்தாண்ட திருப்பி வைங்க” என்று கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். என்ன நோய் என்று சொல்லத் தேவையில்லை. சாவு வீட்டு மேளமும் இரவு முழுக்கக் கானாவும் அப்படிக் கேட்டு நிறுத்தக்கூடியவை அல்ல. அந்த இரவுக்கு வேறு தெருவில் இருக்கும் அக்கா வீட்டில் படுக்க வைப்பதே நல்லது. இரவுக்கு நான்கு மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம் இரண்டு நாள் தொடர்ந்தால், அடுத்த ஓபி தேதிவரை காத்திருக்கக் கூடாது. மறுநாள் காலையே போக வேண்டும்.

ஷிப்ட் மாறிமாறி வரும் வேலையில் இருப்பவருக்கு ‘பகல் ஷிப்ட் மட்டும் தரவும்’ என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கித் தரலாம். மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன்பு இதைச் செய்து பார்க்கலாம்.

“சும்மாத்தான் உக்காந்துகினு கீறான்”

மனச்சிதைவு நோய் இரண்டு வேலை செய்கிறது. இல்லாததைக் கொண்டுவந்து சேர்க்கிறது: குரல்கள், சந்தேகங்கள். இருந்ததை எடுத்துக்கொண்டும் போகிறது: செய்ய வேண்டும் என்ற உந்துதல், பேச்சு, முகபாவம், குளிக்க வேண்டும் என்ற நினைப்பு. மாத்திரை முதலாவதை நன்றாகக் கட்டுப்படுத்தும். இரண்டாவதில் அதன் பலன் குறைவு. அதனால் ஆறு மாதத்தில் குரல் நின்றுவிடும், ஆனால் ஆள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். குடும்பம் இதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்கிறது. “நல்லாத்தானே கீறான், வேலைக்குப் போனா இன்னா?” என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. மாத்திரையே கொண்டுவரும் மந்தமும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

இதற்கு வழி, மிகச் சிறிய வேலை ஒன்றை ஒரே நேரத்தில் தினமும் கொடுப்பது. காலை ஆறரைக்குப் பால் பாக்கெட் வாங்கி வருவது, அல்லது இரண்டு குடம் தண்ணீர் பிடிப்பது. அவ்வளவுதான். இரண்டு வாரம் அது நிலைத்த பிறகு இன்னொன்று. செய்தால் ஊரைக் கூட்டிப் பாராட்ட வேண்டாம். செய்யாத நாளில் வேறு ஒருவர் செய்துவிட்டு, மறுநாள் பழையபடி அவரிடமே விடலாம். பெரும்பாலான குடும்பங்கள் தவறுவது வேகத்தில்: முதல் வாரம் பால், இரண்டாம் வாரம் கம்பெனி வேலை, மூன்றாம் வாரம் சண்டை.

வீட்டில் விழும் திட்டுக்கு அளந்து பார்த்த விளைவு உண்டு. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியல் ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1950களிலிருந்து செய்த ஆய்வுகள், குறை சொல்லும், வெறுப்புக் காட்டும், அல்லது கையைக் காலை அசைக்கவிடாமல் மேல்விழுந்து கவனிக்கும் வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியதைக் காட்டின. பின்னால் சண்டிகர் உட்படப் பல இடங்களில் இதே வழியில் ஆய்வு நடந்தது. அந்த வகை வீடுகளில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருப்பது ஆபத்தைக் கூட்டியது என்பது அந்த ஆய்வுகளில் வந்த ஒரு கணக்கு. ஒற்றை அறை வீட்டில் 35 மணி நேரம் மூன்றே நாளில் முடிந்துவிடும். ஆகவே யாராவது ஒருவர் பகலில் சில மணி நேரம் வெளியே இருக்க ஏற்பாடு வேண்டும். நோயாளி மாமாவின் கடையில் மூன்று மணி நேரம் உட்காரலாம், அல்லது அம்மா கொஞ்ச நேரம் கோயிலுக்குப் போகலாம். அம்மா வெளியே போவதும் சிகிச்சையின் பகுதிதான். இருபது வருடமாக மகனை விட்டு ஓர் இரவுகூட வேறெங்கும் தங்காத தாய்மார்கள் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு நாள் அந்தப் பொறுப்பை வாங்கிக்கொள்ளும் சித்தியோ தம்பியோ, எந்த அறிவுரையையும்விடப் பெரிய உதவி செய்கிறார்கள்.

சந்தேகத்தோடு பேசுவது

“பக்கத்து வீட்டுக்காரன் நம்ம வீட்டுக்குள்ள கேஸ் விட்றான்” என்று ஒருவர் சொல்கிறார். மணலியிலும் எண்ணூரிலும் இதைக் கேட்டதும் நோய் என்று முடிவு கட்டக் கூடாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடி வந்தார்கள். நாற்றம் நிஜமாக இருக்கும் ஊர் இது. முதலில் நாமும் மோந்து பார்க்க வேண்டும். மனநோய் உள்ளவர் சொல்கிறார் என்பதற்காகவே ஒரு உண்மையான புகாரை, ஒரு உண்மையான நெஞ்சுவலியைத் தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கும் கொடுமை.

நாற்றம் இல்லை, மற்ற எவருக்கும் தெரியவில்லை, ஆனால் அவர் உறுதியாக இருக்கிறார் என்றால் அது மாறாத பொய்நம்பிக்கையாக இருக்கலாம். அங்கே வாதம் உதவாது. “அப்படில்லாம் ஒண்ணும் இல்ல, நீயா நெனச்சிக்கிற” என்றால், நீங்களும் அந்தச் சதியில் சேர்ந்தவர் ஆகிவிடுவீர்கள். “ஆமா, நானும் பாத்தேன்” என்று ஒத்து ஊதினால் பயம் கெட்டிப்படும். பயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: “எனக்கு நாத்தம் தெரில. ஆனா நீ ரொம்பப் பயந்து போயிருக்கிறது தெரியுது. ராத்திரி தூங்கினியா? வா, வெளிய வந்து உக்காரு, நான் கூடவே இருக்கேன்.” குரலைத் தாழ்த்தி, நேருக்குநேர் முறைக்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து பேசுவது நல்லது. ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். குரல் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு உங்கள் பேச்சு இரண்டாவது ரேடியோ மாதிரி. பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும்.

மனச்சோர்வில் இருப்பவரிடம் “உனக்கு இன்னா குறைச்சல்?” என்பதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. குறை ஒன்றும் இல்லாமலும் வரக்கூடிய நோய் அது. “ரெண்டு இட்லி வாங்கியாந்தேன், ஒண்ணாச்சும் சாப்பிடு” என்பது அதைவிட நல்ல பேச்சு. தினமும் ஐந்து நிமிடம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற நண்பன், மாதம் ஒருமுறை வந்து இரண்டு மணி நேரம் புத்தி சொல்கிறவனைவிட மேல்.

சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்குக் கேட்டதே பாரம் இறங்கியது போலிருக்கும். “செத்துடலாம்னு தோணுதா கண்ணு?” என்று அதே வார்த்தையில் கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். எலி மருந்து, பூச்சி மருந்து, மிச்ச மாத்திரைகளை அன்றே வீட்டைவிட்டு அகற்றுங்கள் அல்லது பூட்டுங்கள். மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு மட்டும் எடுத்துக் கொடுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலிமனாஸ்) எந்த நேரமும் தமிழில் பேசலாம், 104இலும் பேசலாம். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், உடனே 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் ‘ஏஆர்’ (விபத்துப் பதிவேடு) பதிவார்கள், போலீஸ் வரும் என்ற பயத்தில் குடும்பங்கள் பொன்னான மணி நேரங்களை இழக்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆகவே மருத்துவரிடம் என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை ஏன் நின்றுபோகிறது

“மாத்திரை போடாம ஏமாத்துறான்” என்று சொல்வதற்கு முன், ஏன் என்று கேட்க வேண்டும். காரணம் எப்போதும் ஒன்று இருக்கும். மனச்சிதைவுக்குத் தரும் ஓலான்சபின் போட்டால் பசி அடங்காது; ஆறு மாதத்தில் சட்டை பத்தாமல் போகும். ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்றவற்றில் பெண்களுக்கு மாதவிலக்கு நின்று, பால் சுரக்கலாம். கர்ப்பம் என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் வரும் குறையை அம்மாவை வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்ல முடியாது. உட்காரவே முடியாமல் கால்கள் பரபரக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. வீட்டார் அதை நோய் கூடிவிட்டது என்று தவறாக நினைத்து இன்னொரு மாத்திரை கொடுத்துவிடுவார்கள், பரபரப்பு இன்னும் கூடும். அதிகாலை மூன்று மணிக்கு எழ வேண்டியவருக்கு இரவு பத்து மணி மாத்திரை ஒத்துவராது. இவை ஒவ்வொன்றுக்கும் மாற்று உண்டு: அளவு, நேரம், மருந்து மூன்றில் ஒன்றை மருத்துவர் மாற்றுவார். அதற்கு அவருக்குத் தெரிய வேண்டும்.

ஓபியில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணி நேரம் தூக்கம், சாப்பாடு, எடை, இந்த மாதம் தவறிய மாத்திரை எத்தனை, உடம்பில் புதிதாக என்ன, மாதவிலக்கு தேதி. பழைய சீட்டும் காலி அட்டைகளும் கூட இருக்கட்டும். டாக்டர் எதிரே முதலில் நோயாளியைப் பேசவிடுங்கள். கடைசி இரண்டு நிமிடம் அவரைத் தனியே பார்க்கச் சொல்லி நீங்கள் வெளியே வந்துவிட்டால், சொல்ல முடியாததும் சொல்லப்படும்.

மாத்திரையைப் பொடித்துச் சாம்பாரில் கலப்பது பல வீடுகளில் நடக்கிறது. தாங்க முடியாமல்தான் செய்கிறார்கள். ஆனால் ஒருநாள் கசப்பு தெரியும், அல்லது ஒருவர் பார்த்துவிடுவார். “சோத்துல என்னமோ கலக்கிறாங்க” என்ற அவருடைய சந்தேகம் அன்றைக்கு உண்மையாகிவிடும். அதற்குப்பின் சாப்பாட்டையே தொட மாட்டார். மறுக்கிறவருக்கு, அவர் சம்மதத்தோடு, நீண்ட நாள் நிற்கும் ஊசி இருக்கிறது. புளுஃபினசின் போன்றது இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு ஆறு வாரம்கூட ஆகலாம். பக்கவிளைவு முதல் நாளே வரும், பலன் பின்னால் வரும் என்பதால் பத்தாம் நாளில் நிறுத்துகிறவர்கள் அதிகம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். திடீரென நிறுத்தினால் தலை சுற்றலும் கரண்ட் அடித்தாற்போன்ற உணர்வும் வரும். ஒரு வேளை மாத்திரை தவறினால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடக் கூடாது.

இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடுகிறவருக்கு அக்னி நட்சத்திரம் எச்சரிக்கை மாதம். மருந்து வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி சிறியது. பெரும்பாலும் ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள். கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும். வெயிலில் மூட்டை தூக்கி வியர்த்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், புரூஃபென் வாங்கிப் போட்டாலோ அளவு ஏறிவிடும். கை பெரிதாக நடுங்குவது, நாக்குக் குழறுவது, குடித்தவர்போல் தள்ளாடுவது ஆகியவை விஷமாகும் அடையாளங்கள். “குடிச்சிட்டு வந்திருக்கான்” என்று படுக்கப் போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதேபோல, மனச்சிதைவு மருந்து எடுப்பவருக்குக் கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல் விறைத்தால் அவசரம். அந்த மருந்துகளில் ஒன்றான க்ளோசபின் எடுப்பவருக்குத் தொண்டைவலியோடு காய்ச்சல் வந்தால் வெள்ளை அணு எண்ணிக்கையை அன்றே பார்க்க வேண்டும்.

விசைப்படகில் பல நாள் தங்கலுக்குப் போகிறவர், தண்ணீர் புகாத டப்பாவில் மாத்திரையை எடுத்துப் போக வேண்டும். படகில் நம்பிக்கையான ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், தூக்கக் கலக்கத்தில் தளத்தில் நடப்பது உயிருக்கு ஆபத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசும் இல்லை, கடலுக்குப் போகிற ஒழுங்கும் இல்லை. அந்த இரண்டு மாதம் ஓபி தேதியை யாராவது நினைவுபடுத்துங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. மழைக்காலம் முழுக்க, பதினைந்து நாள் மாத்திரையும் ஓபி சீட்டும் பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரண்மேல் இருப்பது நல்லது.

மந்திரிப்பதும் மருத்துவமும்

தாயத்து கட்டுவதையும் தர்காவில் ஓதுவதையும் வேப்பிலை அடிப்பதையும் கேலி செய்து பலனில்லை. அது குடும்பத்துக்குத் தெம்பு தருகிறது என்றால் இருக்கட்டும். ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்து நடக்கும் ‘தவா-துவா’ திட்டம் இருக்கிறது. நான்கு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: மாத்திரையை நிறுத்தக் கூடாது, பட்டினி போடக் கூடாது, அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் இன்று எந்த வடிவிலும் தடை செய்கிறது.

பிரசவமான இரண்டு வாரத்துக்குள் ஒரு பெண் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பார்த்துப் பயந்தால் ‘சன்னி’ என்று சொல்லி மந்திரிக்கப் போவார்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் மனநோய் அது, அவசரச் சிகிச்சை வேண்டும். நன்றாகக் குணமாகக்கூடியதும்கூட. தாயையும் பிள்ளையையும் ஒரு நிமிடமும் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

கொந்தளிக்கும் நேரம்

ஒருவர் கத்திக்கொண்டு, பொருளை எறிந்துகொண்டிருந்தால் தெருவே கூடிவிடும். கூட்டமே பாதிக் காரணம். ஒரே ஒருவர் பேசட்டும், அவருக்குப் பிடித்தவராகப் பார்த்து. வாசலை மறிக்காதீர்கள், வெளியே போக வழி தெரிந்தால் பயம் குறையும். டிவியை அணையுங்கள். குழந்தைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். போனில் படம் பிடிக்கிறவரைத் தடுப்பதே அக்கம்பக்கத்தார் செய்யக்கூடிய பெரிய உதவி. அந்த வீடியோ அவர் குணமான பின்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். வயதானவர் திடீரென ஒரே நாளில் குழம்பிப் போனால் அது மனநோயாக இருக்க வாய்ப்புக் குறைவு; ரத்தத்தில் சர்க்கரை, உப்பு அளவு, காய்ச்சல் மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். தினமும் நிறையக் குடித்தவர் நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில் பூச்சி ஊர்வதாகக் கத்தினாலும் அப்படித்தான், அது உடலுக்கான அவசரம்.

“கல்யாணத்துக்குப் போறோம்” என்று பொய் சொல்லி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவது ஒருமுறைதான் பலிக்கும். “ரெண்டு நாளா தூங்கல, டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம், நானும் உள்ள வர்றேன்” என்ற உண்மை மெதுவாக வேலை செய்யும், ஆனால் பல ஆண்டுக்கு நிற்கும். தெருவில் ஆதரவற்றுத் திரிகிறவர் மனநோயால் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாதவராகத் தெரிந்தால் போலீஸாரிடம் சொல்லலாம். அவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது சட்டப்படி அவர்கள் கடமை.

நன்றாக இருக்கும் காலத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டியவை சில உண்டு. எழுச்சி நிலையில் கைக்கு வந்த சீட்டுப் பணமும் கந்துவட்டிக் கடனும் எவ்வளவு போனது என்பது அவருக்கே தெரியும். ஆகவே “எனக்குத் தூக்கம் குறைஞ்சா ஏடிஎம் கார்டை அக்காகிட்ட குடுத்துடணும்” என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். தனக்காகப் பேச யார் வேண்டும் என்று வெற்றுத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் சட்டம் அதை ஏற்கிறது. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்ற முன்கூட்டிய விருப்பத்தையும் பதியலாம். ஊனமுற்றோர் சான்றிதழுக்கு மனநோயும் தகுதியானது: தன்னைக் கவனித்துக்கொள்ளுதல், பழகுதல், புரிந்து பேசுதல், வேலை ஆகிய நான்கையும் மதிப்பிட்டு, பாதிப்பு 40 விழுக்காடு இருந்தால் அரசு உதவிகளுக்கு வழி திறக்கும். பலர் அந்த அட்டையை வேண்டாம் என்கிறார்கள். வற்புறுத்தாதீர்கள், கல்யாணம் ஆகாத தங்கை வீட்டில் இருக்கும்போது அவர்கள் பயம் அர்த்தமுள்ளது.

வார்டிலிருந்து வீடு திரும்பியபின் முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. தற்கொலை எண்ணம் அப்போது அதிகம். ஏழு நாளுக்குள் மறுபடி ஓபிக்குப் போயிருக்க வேண்டும். அந்த வாரத்தில் தெரு என்ன செய்கிறது என்பது முக்கியம். “எங்க போயிருந்த?” என்று கேட்க வேண்டாம். குழந்தைகளைக் கதவுக்குள் இழுக்க வேண்டாம். டீக்கடையில் பெஞ்சு நகர்ந்து இடம் விடட்டும், பழைய பெயரையே சொல்லிக் கூப்பிடட்டும், கேரம் போர்டில் அவர் இடத்தை அவருக்கே விடட்டும். அவராகப் பேச்சை எடுத்தால் கேட்கலாம். எடுக்காவிட்டால் மேட்சில் யார் ஜெயித்தது என்று பேசலாம்.